வாடகை வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தில் அடுக்குமாடி வீடு தேடும்போது எல்லாரும் முதலில் கேட்பது "வாடகை எவ்வளவு?" என்றுதான். அதோடு நிறுத்தாமல், "இந்த வீட்டில் ஒரு வருஷம் குடியிருக்க மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றும் கேட்டுப் பழக வேண்டும். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் பல குடும்பங்களுக்கு மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. கீழே வரும் கணக்குகளில் எந்த நாட்டுப் பணமும் இல்லை. சம்பளத்தை 100 பங்கு என்று வைத்திருக்கிறேன், உங்கள் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சம்பளத்தில் 30 சதவீதம் வரை வாடகை கொடுக்கலாம் என்கிறார்களே, சரியா?

இந்த 30 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். அமெரிக்காவில் அரசு நடத்தும் பொதுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்காக, செனட்டர் எட்வர்ட் புரூக் 1969இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் அவர்களிடம் வாடகை வாங்கக் கூடாது என்பதே அது. 1981இல் அந்த வரம்பை 30 ஆக உயர்த்தினார்கள். அரசு ஏழைகளிடம் வாங்கக்கூடிய உச்சவரம்பாக வந்த எண், நாளடைவில் எல்லாருக்கும் பொதுவான அறிவுரையாகிவிட்டது. இன்னொன்று, அந்த நாட்டின் வீட்டுவசதித் துறை ஒரு குடும்பம் வீட்டுச் செலவால் திணறுகிறதா என்று பார்க்கும்போது வாடகையோடு கரண்ட், தண்ணீர், எரிவாயு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் 30 என்று கணக்கிடுகிறது. வாடகை மட்டும் 30 என்று எடுத்துக்கொள்பவர் தொடங்கும்போதே வரம்பைத் தாண்டிவிடுகிறார்.

நான் சொல்லும் வழி எதிர்த்திசையிலிருந்து வருவது. வாடகையை முதலில் முடிவு செய்யாதீர்கள். 100 பங்கில் சாப்பாட்டுக்கு 22, போக்குவரத்துக்கு 8, கடன் தவணைக்கு 10, பெற்றோருக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ 10, மருந்து, போன், துணிமணி என்று 10, சேமிப்புக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். 70 போயிற்று. மிச்சம் 30தான் வீட்டுக்கு. அதில் கரண்ட், தண்ணீர், எரிவாயு, இணையம் எல்லாம் சேர்த்து 6, பராமரிப்புக் கட்டணம் 2. ஆக, வாடகைக்கு உங்களிடம் இருப்பது 22. கடன் இல்லாத ஒருவருக்கு இதே சம்பளத்தில் 32 வரை கொடுக்க முடியலாம். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு 18 தாண்டினாலே மூச்சுமுட்டலாம். ஒரே சதவீதம் இருவருக்கும் பொருந்தாது.

100 பங்கு என்பது மொத்தச் சம்பளமா, கையில் வருவதா?

வரி, பிடித்தம் எல்லாம் போகக் கையில் வருவது. வருஷத்துக்கு ஒரு முறை வரும் போனஸை இதில் சேர்க்காதீர்கள். வருமானம் மாதாமாதம் ஏறி இறங்கும் தொழில் என்றால், கடந்த ஒரு வருஷத்தில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியை 100 என்று கொள்ளுங்கள். நல்ல மாதத்தை நம்பிப் பிடித்த வீட்டுக்கு மோசமான மாதத்திலும் அதே வாடகைதான்.

வாடகைக்கு மேல் என்னென்ன செலவு வரும்?

மாதாமாதம் வருபவை கண்ணுக்குத் தெரியும்: கரண்ட், தண்ணீர், சமையல் எரிவாயு, இணையம், பராமரிப்பு, குப்பை, வண்டி நிறுத்தும் இடம். தெரியாமல் போவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வருபவை. ஏசி சர்வீஸ், தண்ணீர் வடிகட்டி மாற்றுவது, ஒப்பந்தம் புதுப்பிக்கும் செலவு, தரகு, வீடு மாற்றும் வண்டிக்கூலி, காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்ளும் தொகை. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி 12ஆல் வகுத்துவிடுங்கள். ஒரு மாத வாடகையைத் தரகாகக் கொடுத்து ஒரு வருஷம் மட்டும் இருந்தால், உண்மையில் மாத வாடகை 8 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். இரண்டு வருஷம் இருந்தால் அது 4 சதவீதமாகிறது. அடிக்கடி வீடு மாறுவது எவ்வளவு விலையுள்ள பழக்கம் என்பது இதிலேயே தெரியும்.

முன்பணம் திரும்பி வரும் பணம்தானே? அதையும் ஏன் செலவாகப் பார்க்க வேண்டும்?

திரும்பி வரும்வரை அது உங்களுக்கு வேலை செய்வதில்லை. ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருக்கிறீர்கள், அதே தொகை வங்கியில் இருந்திருந்தால் வருஷத்துக்கு 6 சதவீத வட்டி வந்திருக்கும் என்றால், வருஷத்துக்கு 0.36 மாத வாடகையை இழக்கிறீர்கள். மாதக் கணக்கில் அது வாடகையில் 3 சதவீதம். பத்து மாத முன்பணம் என்றால் 5 சதவீதம். அந்தப் பணத்தைக் கடன் வாங்கிக் கொடுத்திருந்தால் கடனுக்கான வட்டியைப் போட்டுப் பாருங்கள், இன்னும் கசக்கும். இரண்டு வீடுகளுக்கு ஒரே வாடகை, ஒன்றில் முன்பணம் பாதிதான் என்றால், பாதி முன்பணம் கேட்கும் வீடுதான் மலிவு.

முன்பணத்தில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. அது முழுதாகத் திரும்புமா என்பது நீங்கள் குடியேறும் நாளில் எடுக்கும் படங்களைப் பொறுத்தது. சுவர், தரை, குழாய், கதவு, மீட்டர் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஊருக்கு வெளியே வாடகை குறைவாக இருக்கிறது. போய்விடலாமா?

போகலாம், போக்குவரத்துச் செலவையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகு. போக 45 நிமிடம், வர 45 நிமிடம் கூடுதலாக ஆகிறது, மாதம் 22 நாள் வேலை என்றால் 33 மணி நேரம். கிட்டத்தட்ட நாலு வேலைநாள் வழியிலேயே போகிறது. அதற்கு ஈடாக வாடகையில் எவ்வளவு மிச்சம் என்பதை நீங்கள்தான் எடை போட வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த 33 மணி நேரம் பணத்தைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

குடியேறும் முன்பே கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று எப்படி மதிப்பிடுவது?

முதல் வழி, கேட்பது. கடந்த ஒரு வருஷத்து கரண்ட் பில்களைக் காட்டச் சொல்லி உரிமையாளரிடம் கேளுங்கள். ஒரே ஒரு பில்லைக் காட்டினால் அது எந்த மாதத்துடையது என்று பாருங்கள். ஃபேன்கூடத் தேவைப்படாத மாதத்தின் பில் எதையும் சொல்லாது.

இரண்டாவது வழி, நீங்களே கணக்குப் போடுவது. ஒரு யூனிட் என்றால் 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவது. கருவியின் மேல் எழுதியிருக்கும் வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். 75 வாட் ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். 30 வாட்டில் ஓடும் புது வகை ஃபேன் என்றால் 0.36. 9 வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட்டில் 110 மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒரு டன் ஏசி என்பது அறையிலிருந்து சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றக்கூடியது. அதற்கு அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 1 கிலோவாட். இரவு 8 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 8 யூனிட். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் இளைப்பாறும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். ஆனாலும் வீட்டில் உள்ள எல்லா விளக்கையும் ஃபேனையும் சேர்த்தால்கூட ஓர் ஏசிக்கு ஈடாவது கஷ்டம்.

கீசருக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட் மணி வேண்டும். 15 லிட்டரை 30 டிகிரி ஏற்ற சுமார் அரை யூனிட். 3 கிலோவாட் கீசர் 2 கிலோவாட்டைவிட அதிகம் தின்னும் என்று பயப்படத் தேவையில்லை. அது சீக்கிரம் சூடாக்கிவிட்டு நிற்கும், ஆகும் யூனிட் இரண்டிலும் ஒரே அளவுதான். செலவைத் தீர்மானிப்பது எத்தனை லிட்டர் சுடுநீர் என்பதும், குளித்த பிறகும் சுவிட்சை அணைக்காமல் விடுகிறோமா என்பதும்தான்.

எதை விட்டுவிடலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். போன் சார்ஜ் செய்வதற்கு ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் பத்து யூனிட் அளவுதான். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால் டிவியோடு இருக்கும் செட்டாப் பெட்டி போன்ற ஒரு கருவி நாள் முழுக்க 10 வாட் இழுத்துக்கொண்டே இருந்தால் வருஷத்துக்கு 87 யூனிட்டைத் தாண்டும். ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவரில் அணைக்க வேண்டும்.

போன முறையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் ஓட்டினோம், பில் ஏன் இப்படி எகிறியது?

பல இடங்களில் மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. முதல் 100 யூனிட்டுக்கு ஒரு யூனிட் 1 பங்கு, அடுத்த 100க்கு 2 பங்கு, அதற்கு மேல் 3 பங்கு என்று ஓர் உதாரணம் வைப்போம். 200 யூனிட் ஓட்டினால் 300. 250 ஓட்டினால் 450. பயன்பாடு கால்வாசிதான் கூடியது, பில் பாதி கூடிவிட்டது. அதனால் ஒரு யூனிட்டை மிச்சப்படுத்துவதன் மதிப்பைச் சராசரி விலையில் பார்க்காதீர்கள், நீங்கள் நிற்கும் கடைசிப் படியின் விலையில் பாருங்கள். உங்கள் பகுதியின் கட்டண அட்டவணையை ஒரு முறை எடுத்துப் பார்த்து, எந்த எண்ணில் அடுத்த படி தொடங்குகிறது என்று குறித்து வைத்தால் போதும்.

இதே காரணத்தால், இரண்டு வீடுகளுக்கு ஒரே மீட்டர் என்றால் உஷாராக இருங்கள். மேலே சொன்ன கட்டணத்தில் தலா 150 யூனிட் ஓட்டும் இரண்டு வீடுகள் தனித்தனி மீட்டரில் இருந்தால் மொத்தம் 400. ஒரே மீட்டரில் 300 யூனிட்டாகச் சேர்ந்தால் 600. யாரும் ஒரு யூனிட்கூடக் கூடுதலாக ஓட்டவில்லை, இருந்தும் இருவருக்கும் ஒன்றரை மடங்கு. வாடகை குறைவாக இருந்தாலும் இப்படிப்பட்ட வீட்டைச் சேர்க்கை மீட்டரோடு எடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

சில மாதங்களில் பில் இரட்டிப்பாகிறது. பட்ஜெட் எப்படிப் போடுவது?

வருஷக் கணக்கில் போட்டு மாதக் கணக்கில் ஒதுக்குங்கள். எட்டு மாதம் 4 பங்கும், வெயிலோ குளிரோ கடுமையான நாலு மாதம் 10 பங்கும் வருகிறது என்றால் மொத்தம் 72. மாதத்துக்கு 6. எந்த மாதமாக இருந்தாலும் சம்பளம் வந்ததும் 6ஐத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பில் 4 வந்த மாதத்தில் மிஞ்சும் 2 உங்கள் லாபம் போலத் தோன்றும். அதைத் தொடாதீர்கள், அது ஏற்கெனவே செலவான பணம், பில் மட்டும் இன்னும் வரவில்லை. இந்த முழுப் பக்கத்திலும் ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு சிக்கல்: கடுமையான மாதங்கள் தொடங்கும் நேரத்தில் குடியேறினால் சேர்த்துவைக்க நாள் இருக்காது. அப்போது முன்பணத்தோடு சேர்த்து இதற்கும் ஒரு தொகையை முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் வரும் ஊர் என்றால், பில் வராத மாதத்திலும் ஒதுக்குவது நிற்கக் கூடாது.

ஏசியை அணைக்காமலே பில்லைக் குறைக்க வழி உண்டா?

வெளியே 36 டிகிரி, உள்ளே 24 என்றால் வித்தியாசம் 12. உள்ளே 26 என்று வைத்தால் 10. சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், இரண்டு டிகிரி ஏற்றியதில் அது ஆறில் ஒரு பங்கு குறைகிறது. கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. வெயில் படும் ஜன்னலுக்குத் திரை போடுங்கள். வீடு பார்க்கும்போதே இதை யோசிப்பது இன்னும் நல்லது. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடும், படுக்கையறைச் சுவரில் பிற்பகல் வெயில் விழும் வீடும் வாடகையில் சொல்லாத ஒரு செலவைக் கையோடு கொண்டுவருகின்றன. வீட்டைக் காலையில் மட்டும் பார்க்காமல் பிற்பகலில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

தண்ணீர்க் கட்டணத்தில் கவனிக்க என்ன இருக்கிறது?

கசிவு. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் 20 லிட்டர் அளவுக்கு வீணாக்கும். கழிப்பறைத் தொட்டியின் கசிவு அதைவிட மோசம், சத்தமே வராது. தொட்டியில் கொஞ்சம் வண்ணப் பொடி கரைத்துவிட்டு, அரை மணி நேரம் தண்ணீர் திறக்காமல் இருந்து பாருங்கள். கீழே வண்ணம் வந்திருந்தால் கசிகிறது. தண்ணீருக்குத் தனி மீட்டர் இல்லாமல் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கும் கட்டடங்களில், ஒரு வீட்டுக் கசிவுக்கு எல்லாரும் பணம் கட்டுகிறார்கள்.

பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி உரிமையாளரிடம் என்ன கேட்பது?

அதில் என்ன அடக்கம், என்ன அடக்கமில்லை என்று கேளுங்கள். லிஃப்ட், மோட்டார், காவலாளி, பொது விளக்கு, ஜெனரேட்டர், வெளியிலிருந்து வாங்கும் தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்பதே நல்லது. அப்புறம், திடீரென்று லிஃப்ட் பழுதாகி எல்லா வீடுகளிலும் வசூலிக்கும்போது அதைக் கட்டுவது உரிமையாளரா, குடியிருப்பவரா? கட்டடத்தின் ஆயுளைக் கூட்டும் செலவு உரிமையாளருடையது, அன்றாடம் ஓட்டும் செலவு குடியிருப்பவருடையது என்பது நியாயமான பிரிவு. ஆனால் எழுதி வைக்காவிட்டால் வாய்வார்த்தை நிற்காது.

என் மீட்டர் என் வீட்டுக்கு மட்டும்தான் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணையுங்கள், ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்குங்கள். மீட்டரில் துடிக்கும் சின்ன விளக்கையும் எண்ணையும் கொஞ்ச நேரம் பாருங்கள். அசைந்தால் வேறு எங்கோ உங்கள் கணக்கில் மின்சாரம் போகிறது. படிக்கட்டு விளக்கோ மோட்டாரோ உங்கள் மீட்டரில் இணைக்கப்பட்டிருக்கலாம். மெயின் சுவிட்சை அணைப்பதைத் தவிர வேறு எதையும் நீங்களே செய்து பார்க்க வேண்டாம், மின்பணியாளரை அழையுங்கள்.

மூன்று பேர் சேர்ந்து எடுக்கிறோம். செலவை எப்படிப் பிரிப்பது?

வாடகையை அறையைப் பார்த்துப் பிரியுங்கள், மற்றதை ஆளைப் பார்த்துப் பிரியுங்கள். பால்கனியோடு தனிக் குளியலறை இருக்கும் அறைக்கும், கூடத்தை ஒட்டிய சின்ன அறைக்கும் ஒரே வாடகை என்றால் ஆறு மாதத்தில் மனத்தாங்கல் வரும். இருவர் மட்டும் என்றால் ஒரு நல்ல முறை உண்டு: இரண்டு அறைக்கும் சேர்த்து மொத்த வாடகை வருமாறு ஒருவர் விலை வைக்கட்டும், மற்றவர் முதலில் தேர்ந்தெடுக்கட்டும். விலை வைப்பவர் தனக்கு எது கிடைத்தாலும் சரி என்கிற விலையைத்தான் வைப்பார். மூவருக்கு, பரப்பளவை வைத்துத் தொடங்கிப் பேசி முடிப்பதுதான் எளிது.

ஏசி ஓர் அறையில் மட்டும் இருந்தால் அந்த யூனிட் அந்த அறைக்கு. பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டர்கள் கிடைக்கின்றன, ஏசியின் திறனுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்கினால் வாக்குவாதம் மிச்சம். இணையத்தையும் பராமரிப்பையும் ஊருக்குப் போனவரும் கட்ட வேண்டும், கரண்டைக் கட்டத் தேவையில்லை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒருவர் பாதியில் காலி செய்தால் எத்தனை நாளைக்கு முன் சொல்ல வேண்டும், அவர் பங்கு முன்பணத்தை யார் தருவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்கள்தானே என்று விடுகிற இடத்தில்தான் நட்பு கெடுகிறது.

வருஷா வருஷம் வாடகை ஏறும் என்கிறார் உரிமையாளர். எவ்வளவு என்றால் தாங்கும்?

ஏற்றம் வட்டிக்கு வட்டி போல வளரும். வருஷம் 5 சதவீதம் என்றால் மூன்று ஏற்றங்களில் கிட்டத்தட்ட 16 சதவீதம், 10 சதவீதம் என்றால் 33 சதவீதம். உங்கள் சம்பளம் அதே வேகத்தில் ஏறுமா என்று பாருங்கள். இன்றைக்கு 22 பங்காக இருக்கும் வாடகை, சம்பளம் ஏறாமல் நின்றால், 10 சதவீத ஏற்றத்தில் மூன்றாவது முறை ஏறும்போது 29ஐத் தாண்டிவிடும். பேரம் பேச நல்ல நேரம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்புதான். மாத வாடகையில் குறைக்க மறுப்பவர்கூட ஏற்ற சதவீதத்தில் இறங்கி வரக்கூடும், பல வருஷம் இருக்கப்போகிறவருக்கு அதுவே பெரிய மிச்சம்.

ஒரு மாதம் வாடகை கட்ட முடியவில்லை என்றால்?

தேதி தாண்டும் முன்பே உரிமையாளரிடம் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள் எவ்வளவு தர முடியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள், அதைச் செய்தியாகவும் அனுப்பிவையுங்கள். கையில் இருப்பதில் ஒரு பகுதியையாவது அன்றே கொடுங்கள். வெட்கப்பட்டுப் போனை எடுக்காமல் இருப்பதுதான் நிலைமையைக் கெடுக்கும். வேலை போவதும் நோய் வருவதும் யாருக்கும் நடக்கும், அதில் தலைகுனிய எதுவும் இல்லை. பணத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது வரிசை இது: சாப்பாடு, மருந்து, வாடகை, கரண்ட், தண்ணீர். மற்ற தவணைகள் அதற்குப் பிறகு. வட்டிக்கு வாங்கி வாடகை கட்டுவதை ஒரு மாதத்துக்கு மேல் நீட்டாதீர்கள். இரண்டாம் மாதமும் அதே நிலை என்றால் சின்ன வீட்டுக்கு மாறுவதைப் பற்றிப் பேசத் தொடங்கும் நேரம் அது.

செலவு கூடிவிட்டது. வீடு மாறினால் உண்மையில் மிச்சமாகுமா?

மாறுவதற்கு ஆகும் மொத்தச் செலவை, மாதம் மிச்சமாகும் தொகையால் வகுத்துப் பாருங்கள். தரகு, வண்டி, பழைய வீட்டில் பிடித்தம், புது வீட்டில் சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் சேர்த்து இரண்டு மாத வாடகை ஆகிறது, புது வீட்டில் மாதம் மிச்சமாவது இப்போதைய வாடகையில் 8 சதவீதம் என்றால், போட்டதை எடுக்கவே 25 மாதம் ஆகும். அதற்குள் அங்கே வாடகை ஏறிவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். 20 சதவீதம் மிச்சமாகிறது என்றால் பத்தே மாதம், கிளம்பலாம். நடுவில் இருந்தால் முதலில் இப்போதைய உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். ஒழுங்காக வாடகை கட்டுகிறவர் காலி செய்தால் அவருக்கும் ஓரிரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கலாம், அதனால் அவரும் காது கொடுப்பார்.